நர்சம்மாவைத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வேதாரண்யம் பக்கத்து உறவுகளுக்கு வணக்கம். கிராம சுகாதாரச் செவிலியராக இருந்த என் அத்தை போன மாதம் காலமாகிவிட்டார். ஊரில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது. நர்சம்மா என்றால்தான் தெரியும்.

வருஷ திதிக்குள் அவரைப் பற்றி ஒரு சிறு புத்தகம் போட நினைக்கிறோம். கையில் இருப்பதோ ரேஷன் கார்டுக்கு எடுத்த ஒரே படம். வீட்டில் அவர் தங்கிய நேரம் குறைவு. எங்களைவிட உங்களுக்குத்தான் அவரை நன்றாகத் தெரியும் (சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது).

1995இல் போலியோ சொட்டு மருந்து முகாம்கள் தொடங்கியபோது, ஐஸ் அடுக்கிய மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு உப்பளத் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு நடந்தே போவார். மருந்து சூடேறிவிடும் என்று வழியில் யார் கூப்பிட்டாலும் நிற்கமாட்டார். ஓய்வு பெற்ற பின்பும், 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நிவாரண முகாமில் உப்புச்சர்க்கரைக் கரைசல் கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாராம்.

2004 சுனாமி நாட்களில் அவரோடு இருந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அதைப் பற்றி அவர் எங்களிடம் வாயே திறந்ததில்லை. அவர் கையெழுத்துள்ள பழைய தடுப்பூசி அட்டை வைத்திருப்பவர்களும் சொல்லுங்கள். அட்டையைக் கொடுக்க வேண்டாம், கைபேசியில் படமெடுத்து அனுப்பினால் போதும்.