மேடையில் பத்து நாட்டுப் பரிசுக்காரர்கள்: யாருக்கு எந்த உடை, எந்த வரிசை?

குன்னூர்:
மறைக்கல்விப் பிள்ளைகள் பத்துப் பேரை, மற்ற நாடுகளில் கிறிஸ்துமஸ் பரிசு கொண்டுவருபவர்களாக மேடையேற்றப் போகிறோம். எல்லாருக்கும் சிவப்பு அங்கிதானா? மாலை ஆறு மணி, கோவில் முற்றம், மூடுபனி இறங்கிவிடும். பஞ்சுத் தாடி தாங்குமா?

கொடைக்கானல்:
நாடு வாரியாக வேண்டாம், தேதி வாரியாக விடுங்க. பார்ப்பவர்களுக்கு ஒரு மாதப் பயணம் மாதிரி இருக்கும்.

டிசம்பர் 5 மாலை நெதர்லாந்தின் சிந்தர்கிளாஸ். 13 வெரோனா, பெர்கமோ பக்கம் சாந்தா லூசியா. 24 தென் ஜெர்மனியின் கிறிஸ்ட்கிண்ட். 31 இரவு ரஷ்யாவின் தேத் மரோஸும் பேத்தி ஸ்னெகூரச்காவும். ஜனவரி 1 கிரேக்கத்தின் புனித வசிலிஸ். ஜனவரி 5 இரவு ஸ்பெயினுக்கு மூன்று ராஜாக்கள், இத்தாலிக்கு பெஃபானா பாட்டி. சரியாகப் பத்துப் பேர். ராஜாக்களின் உடுப்பு குடில் நாடகப் பெட்டியிலேயே இருக்கும்.

சிந்தர்கிளாஸ் என்ற பேர்தான் அமெரிக்கா போய் சாண்டா கிளாஸ் ஆனது. ஆனால் இவர் மீரா என்ற நகரின் ஆயர் புனித நிக்கோலாஸ். வெள்ளை அங்கி, மேலே சிவப்புப் போர்வை, ஆயர் தொப்பி, கோல். தொப்பிக்கு சார்ட் பேப்பர் வேண்டாம், பனியில் துவண்டுவிடும். பழைய காலண்டர் அட்டையில் 27 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரத்தில் இரண்டு துண்டு வெட்டி, ஓரங்களை ஒட்டி, சிவப்பு சாட்டின் துணி சுற்றுங்க. 52 செ.மீ. தலைக்குச் சரியாக உட்காரும். அவருடைய குதிரைக்குப் பிள்ளைகள் ஷூவில் கேரட் வைப்பார்கள். நம்ம ஊர்க் கேரட்டைத் தழையோடு வையுங்க.

கோத்தகிரி:
இரண்டு இடத்தில் தவறு வரும். லூசியா என்றதும் தலையில் மெழுகுவர்த்தி வைப்பார்கள். அது ஸ்வீடன் வழக்கம். பரிசு தரும் இத்தாலிய லூசியா கழுதையோடு வருகிறவர். ஒரு கைப்பிடி வைக்கோல் போதும். நெருப்பே வேண்டாம்.

கிறிஸ்ட்கிண்ட் என்றால் 'குழந்தை இயேசு' என்று பொருள். அதனால் பாலன் பொம்மையைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். அங்கே வழக்கமாக வெள்ளை அங்கி, பொன்னிறச் சுருள்முடி, கிரீடத்தோடு ஒரு பெண்பிள்ளைதான் வரும். அதன் கையில் சின்ன மணி கொடுங்க. வீடுகளில் மணி ஒலித்த பிறகுதான் பிள்ளைகளை மரத்தருகே விடுவார்கள்.

தேத் மரோஸின் அங்கி கணுக்கால் வரை, நீலத்திலும் தைக்கலாம். விளிம்பைத் தரைக்கு நாலு விரல் மேலே நிறுத்துங்க, படியில் மிதித்து விழாமல் இருக்க.

ஊட்டி:
பஞ்சு ஈரம் குடித்துத் தொங்கும், பசையும் விடும். கொசுவலைத் துண்டில் வெள்ளை உல்லன் நூலை முடிச்சுப் போட்டு, காதுக்கு எலாஸ்டிக் தையுங்க. நிக்கோலாஸுக்கு மார்பு வரை, தேத் மரோஸுக்கு இடுப்பு வரை.

பெஃபானாவுக்குக் கூர்த்தொப்பி கூடாது. தலைமுண்டு, கிழிசல் சால்வை, துடைப்பம். சேட்டைக்காரப் பிள்ளைகளுக்கு அவர் கரி தருவார். இப்போது அங்கே கரி மாதிரியே சர்க்கரை மிட்டாய் விற்கிறார்கள். இங்கே கருப்பட்டியை உடைத்துக் கொடுங்க. காற்றுப் பட்டால் கசியும், கடைசி நிமிடம் வரை பாலிதீன் கவரில் இருக்கட்டும்.

குன்னூர்:
மிக்க நன்றி. ராஜாக்களில் பல்தசாருக்கு முகத்தில் கருப்புப் பூசச் சொல்கிறார்களே?

கொடைக்கானல்:
பூசவே பூசாதீங்க. நிறத்தை வேஷமாக்குவது பார்க்கிற மனிதர்களைப் புண்படுத்தும். நெதர்லாந்திலேயே சிந்தர்கிளாஸின் உதவியாளருக்கு முழுக் கருப்பு பூசுவதைப் பல ஊர்களில் விட்டு, கன்னத்தில் புகைக்கரிக் கோடுகளோடு நிறுத்திவிட்டார்கள். பல்தசார் கையில் வெள்ளைப்போளப் பேழை கொடுங்க, அடையாளத்துக்கு அதுவே போதும்.