தன்னிரக்கமா, தன்னளியா, தன்பரிவா?

கையேட்டை மொழிபெயர்ப்பவர்:
அன்பர்களே, வணக்கம். யோகமும் மைண்ட்ஃபுல்னஸும் (நடப்பதை அந்தக் கணத்திலேயே விழிப்போடு கவனிக்கும் பயிற்சி) கலந்த கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். 'செல்ஃப் கம்பேஷன்' என்பதற்குத் 'தன்னிரக்கம்' என்று எழுதியிருந்தேன். வகுப்பு நடத்தும் அம்மா, "எனக்கு மட்டும் ஏன் இப்படி என்று மூலையில் உட்கார்ந்து அழுவதுதானே தன்னிரக்கம்? நான் சொல்லித்தருவது அதுவல்லவே" என்று திருப்பி அனுப்பிவிட்டார். நியாயம்தான். உளவியல் ஆய்வாளர் கிறிஸ்டின் நெஃப் 2003இல் இதற்கு மூன்று கூறுகள் சொன்னார்: தன்னிடம் கனிவு, தடுமாற்றம் மனிதர் எல்லார்க்கும் உண்டென்ற உணர்வு, வலியை ஊதிப் பெருக்காமலும் மூடி மறைக்காமலும் கவனித்தல். நடுவில் உள்ளது தன்னிரக்கத்தில் மருந்துக்கும் கிடையாது. சொல் தாருங்கள்.

இலக்கண ஆசிரியர்:
தன்னளி. 'அளி' என்றால் அருள், கனிவு. பழைய சொல், சின்னச் சொல், வேறென்ன வேண்டும்?

வகுப்பு நடத்தும் அம்மா:
ஐயா, என் மாணவர்கள் கண்ணை மூடிப் படுத்திருப்பார்கள். சொல் காதில்தான் விழும். 'தன்னளி' என்றால் பாதிப் பேருக்குத் 'தண்ணளி' என்று கேட்கும். மீதிப் பேர் எதை அளிப்பது என்று கேட்பார்கள்.

இலக்கண ஆசிரியர்:
தண்ணளி என்று கேட்டால்தான் என்ன நட்டம்? அதுவும் குளிர்ந்த அருள்தானே! உண்மையில் வள்ளுவர் இதற்கு ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார், 58ஆவது, கண்ணோட்டம். கண் பிறர்மேல் ஓடி இளகுவது. அதைத் தன்மேல் திருப்பினால்…

அகராதி ஆர்வலர்:
திருப்பினால் 'என் கண்ணோட்டத்தில் நான் செய்தது சரி' என்றாகிவிடும். அந்தச் சொல்லைப் பத்திரிகைகள் எடுத்துக்கொண்டு வெகுகாலம் ஆயிற்று, ஐயா.

நான் 'பரிவு' பக்கம். 'தாயினும் சாலப் பரிந்து' என்ற திருவாசக அடி படிக்காதவர் காதிலும் விழுந்திருக்கும். பரிந்து பேசுவது என்றால் ஒருவர் பக்கம் நின்று பேசுவது. பரிந்துரையிலும் அதே பரிவுதான். எனவே தற்பரிவு.

வகுப்பு நடத்தும் அம்மா:
'தற்' என்று தொடங்கினாலே தற்பெருமை, தற்புகழ்ச்சி, தற்கொலை என்று வரிசை கட்டுகிறது. வேண்டாமே.

அகராதி ஆர்வலர்:
தற்காப்பும் இருக்கிறதே! ஆனாலும் வழி உண்டு. 'தன்', 'என்' இரண்டின் ஈற்று னகரமும் வல்லினம் வந்தால் உறழும் என்கிறது நன்னூல். திரியலாம், இயல்பாகவும் நிற்கலாம். தன்பரிவு என்று எழுதினால் யாரும் பிழை சொல்ல முடியாது.

தனித்தமிழ் அன்பர்:
எல்லாம் இருக்கட்டும், 'மைண்ட்ஃபுல்னஸ்' மட்டும் ஏன் தமிழ் எழுத்தில் ஆங்கிலமாக நிற்கிறது? பாலியில் அது சதி. பௌத்தத்தின் எண்வழியைத் தமிழில் சொல்கையில் 'நற்கடைப்பிடி' என்றொரு சொல் உண்டு. 'கடைப்பிடி' என்றே போடுங்கள்.

வகுப்பு நடத்தும் அம்மா:
'இப்போது மூச்சைக் கடைப்பிடியுங்கள்' என்றால் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். 'சதி'யைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை.

தனித்தமிழ் அன்பர்:
மக்களுக்குப் புரியாது என்று சொல்லிச் சொல்லியே மொழியை வற்ற விடுகிறோம்.

கையேட்டை மொழிபெயர்ப்பவர்:
சண்டை வேண்டாம். ஒவ்வொரு சொல்லையும் கையேட்டின் ஒரே வரியில் பொருத்திப் பார்த்தேன்: 'மூச்சு வாங்குகிறதா? குழந்தை ஆசனத்துக்கு வாருங்கள். தோழி இப்படிக் களைத்திருந்தால் அவளிடம் என்ன சொல்வீர்களோ, அதையே உங்களுக்கும் சொல்லுங்கள். இதுதான் ____.' தன்னளி அழகு, ஆனால் பாட்டு போல ஒலிக்கிறது. தன்பரிவு உறுத்தாமல் உட்காருகிறது. அம்மாவுக்கும் சம்மதம். மைண்ட்ஃபுல்னஸ் இப்போதைக்கு அப்படியே இருக்கும். மன்னியுங்கள்.

இலக்கண ஆசிரியர்:
போடுங்கள், தடுக்கவில்லை. ஒன்று மட்டும். தடுமாற்றம் எல்லார்க்கும் உண்டென்ற அந்த நடுக்கூறு 'தன்' என்று தொடங்கும் எந்தச் சொல்லிலும் அடங்காது, என் தன்னளி உட்பட. 'தன்னைத்தான் காதலன் ஆயின்' என்று தொடங்கும் குறளும் தீவினைப் பக்கம் போகாதே என்று, பிறரைத் தொடும் செயலில்தான் போய் முடிகிறது. இதைப் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

அகராதி ஆர்வலர்:
வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எழுதுங்கள், ஐயா.