மௌன ஆராதனையில் எழும் ஏவுதல் யாருடையது?

கேள்வி:
அன்பர்களுக்கு வணக்கம். சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்த நான், வேலைக்காக இங்கிலாந்துக்கு வந்த பிறகு குவேக்கர்கள் என்னும் கிறிஸ்தவப் பிரிவினரின் ஞாயிறு ஆராதனைக்குப் போய்வருகிறேன். அங்கே போதகர் இல்லை, பாமாலை இல்லை, திருவிருந்தும் இல்லை. ஏறக்குறைய ஒரு மணி நேரம் எல்லாரும் பேசாமல் அமர்ந்திருக்க, உள்ளத்தில் ஏவப்பட்டவர் மட்டும் எழுந்து சில வார்த்தைகள் சொல்லிவிட்டு அமர்கிறார். எனக்குள்ளும் சில வேளைகளில் ஒரு சொல் எழுகிறது, நெஞ்சு படபடக்கிறது. அது ஆவியானவரின் ஏவுதலா, நாலு பேர் முன்னால் நன்றாகப் பேசிப் பெயர் வாங்க வேண்டும் என்ற ஆசையா என்று பிரித்தறிய முடியவில்லை. இவ்வழியில் நெடுநாள் இருப்பவர்கள் இதை எப்படிச் சோதித்துப் பார்க்கிறீர்கள்?

மறுமொழி 1:
குவேக்கர்கள் தொடக்கக் காலத்திலேயே பெரும் விலை கொடுத்து எதிர்கொண்ட கேள்வி இது. ஒவ்வொருவருக்குள்ளும் கிறிஸ்துவின் ஒளி உண்டு என்று இவ்வழியைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் போதித்தார். அவருடைய உடனூழியர் ஜேம்ஸ் நெய்லர், கிறிஸ்து எருசலேமுக்குள் பவனி வந்ததை நினைவூட்டும் வகையில், 1656-இல் குதிரைமேல் பிரிஸ்டல் நகருக்குள் நுழைந்தார். உள்ளே வாழும் கிறிஸ்துவுக்கு ஓர் அடையாளமாகவே அதைச் செய்ததாக அவர் விசாரணையில் சொல்லியும், நாடாளுமன்றம் அவரைத் தேவதூஷணக் குற்றவாளியாகத் தீர்த்து, நாக்கில் துளையிட்டு நெற்றியில் சூடு போடச் செய்தது. தனி மனிதரின் ஏவுதலைச் சபையாகக் கூடிச் சோதிக்கும் வழக்கம் வலுப்பெற்றதற்கு இந்த அதிர்ச்சியும் ஒரு காரணம்.

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் வாழ்ந்த குவேக்கர் ஜான் வுல்மன் (1720–1772) இளமையில் ஒரு கூட்டத்தில் எழுந்து, தமக்குக் கொடுக்கப்பட்டதைவிட அதிகமாகப் பேசிவிட்டு, அதற்காகச் சில வாரங்கள் மனம் வாடியதாகத் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அவர் பேசவே கூடாதென்று முடிவு செய்துவிடவில்லை. ஏவுதல் தெளிவாக எழும்வரை, சில நேரம் வாரக்கணக்கில், காத்திருக்கப் பழகினார். அவருடைய ஊழியத்தின் பெரும்பகுதி ஆராதனைக்கு வெளியே, அடிமைகளை வைத்திருந்த குவேக்கர்களின் வீடு தேடிப்போய் நிதானமாகப் பேசியதில்தான் நடந்தது. அவர் இறந்த பிறகு, 1776-இல், அப்பகுதிக் குவேக்கர் சபைகளின் பொது அமைப்பான ஃபிலடெல்ஃபியா ஆண்டுக் கூட்டம் தன் உறுப்பினர்கள் அடிமைகளை வைத்திருப்பதைத் தடை செய்தது. ஆகவே ஒரு வார்த்தை, அதைச் சொன்னவரின் வாழ்க்கையில் என்ன விளைவிக்கிறது என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

மறுமொழி 2:
ஒரு சிறு திருத்தம்: மௌன ஆராதனை மட்டுமே குவேக்கர் வழி என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். 1902-இல் அமெரிக்க மிஷனரிகள் ஊழியம் தொடங்கிய கென்யாவில்தான் இன்று மிகப் பெரும் எண்ணிக்கையில் குவேக்கர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் போதகரும் பாட்டும் பிரசங்கமும் உண்டு. தவிர, தன்னலம் கலந்துவிடுமோ என்ற அச்சத்தில் வாய் திறக்காமலே இருந்துவிடுவதும் சரியல்ல. பேசுவது ஒருபோதும் உங்கள் பங்கல்ல என்று நினைத்துவிடாதீர்கள் என்றுதான் பிரிட்டன் குவேக்கர்களின் அறிவுரைத் தொகுப்பே சொல்கிறது.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. ஆசை முழுவதும் நீங்கிய பிறகுதான் பேச வேண்டுமென்றால் நான் ஆயுள் முழுதும் உட்கார்ந்தே இருக்க வேண்டியதுதான். நெஞ்சு படபடப்பதை ஓர் அறிகுறியாக எடுத்துக்கொள்ளலாமா?

மறுமொழி 3:
சகோதரரே, மேடைக் கூச்சம் உள்ளவருக்கும் நெஞ்சு படபடக்கத்தான் செய்யும்; அதை மட்டும் நம்ப வேண்டாம். நான் செய்வதைச் சொல்கிறேன். எழுந்த சொல்லை ஒரு முறை கைவிட்டுப் பார்ப்பேன்; என்னை விட்டுப் போய்விட்டால் அதோடு சரி. திரும்பத் திரும்ப வந்தால், இது எனக்கு மட்டும் உரியதா, கூடியிருப்பவர்களுக்கும் உரியதா என்று கேட்டுக்கொள்வேன். எனக்கென்று வந்ததை வீட்டுக்குக் கொண்டுபோவதில் நட்டமில்லை. முன்பு பேசியவருக்குப் பதில் சொல்லும் எண்ணம் துளி தெரிந்தாலும் எழுவதில்லை, ஏனென்றால் அது விவாதமாகிவிடும். மற்றபடி, உங்கள் கூட்டத்தில் மூப்பர் பொறுப்பில் இருப்பவர்களிடம் இதையே கேளுங்கள். ஆராதனை முடிந்து எல்லாரும் கைகுலுக்கித் தேநீர் குடிக்கும் நேரம் அதற்கு வசதியானது. நீங்கள் இன்னும் உறுப்பினராகச் சேரவில்லை என்பது தடையாகாது.