பயோடேட்டாவில் ஜெனரல், களத்தில் டிரில் வாத்தியார்: ஸ்டாய்பென்

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கிங் ஆஃப் பிரஷ்யா என்ற ஊர்ப் பக்கம் நம்மவர்கள் நிறைய பேர். ஊரிலிருந்து பெரியவர்கள் வந்தால் மாலுக்குக் கூட்டிப்போவோம், அதை விட்டால் வேலி ஃபோர்ஜ், அமெரிக்கச் சுதந்திரப் போரில் வாஷிங்டனின் படை குளிர்காலத்தில் முகாம் போட்ட இடம். நாங்களும் அப்படித்தான் போனோம். மரக்குடிசைகளுக்கு முன்னால், பழைய காலத்து உடுப்பில் ஒருவர் பிள்ளைகளிடம் மரத் துப்பாக்கியைக் கொடுத்து டிரில் எடுத்துக்கொண்டிருந்தார். என் பையனும் போய் வரிசையில் நின்றுவிட்டான். "இதைச் சொல்லிக்கொடுக்க வந்தவருக்கு இங்கிலீஷ் தெரியாது" என்று அவர் சொன்னதும்தான் காதுகொடுத்தேன்.

அந்த வாத்தியார்தான் ஃப்ரெட்ரிக் ஃபான் ஸ்டாய்பென். பிரஷ்யா என்ற ஜெர்மன் ராஜ்ஜியத்தின் படையில் கேப்டனாக இருந்தவர். 1763-இல் அந்த வேலை போய், ஒரு குட்டி சமஸ்தானத்தில் அரண்மனை உத்தியோகம் பார்த்தார். 1777-இல் பாரிஸில் அமெரிக்கத் தூதராக இருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின், படைத்தளபதி வாஷிங்டனுக்கு எழுதிய சிபாரிசுக் கடிதத்தில் அவரை லெப்டினன்ட் ஜெனரல் ஆக்கிவிட்டார்! சம்பளம் இப்போதைக்கு வேண்டாம், செலவைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று வந்தவரிடம் அமெரிக்கர்களும் துருவிக் கேட்கவில்லை.

1778 பிப்ரவரியில் வேலி ஃபோர்ஜ் வந்து சேர்ந்தார். 14 அடிக்கு 16 அடிக் குடிசை, அதில் 12 பேர். உள்ளே போய் நின்று பாருங்கள், மூச்சு முட்டும். அந்த முகாமில் சுமார் 2,000 பேர் நோயில் செத்தார்கள். எல்லோரும் அவருடைய டிரில்லைத்தான் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், சமையல் ஒரு பக்கம், கழிப்பிடம் அதற்கு எதிர்ப்பக்கம், அதுவும் சரிவில் என்று அவர் வைத்த ஒழுங்குதான் பெரிய வேலை.

* * *

அண்ணா, டிரில்லை அவ்வளவு லேசாகத் தள்ளிவிடாதீர்கள். நான் என்.சி.சி.யில் இருந்தவன். அவர் எல்லோரையும் ஒரே நேரத்தில் மேய்க்கவில்லை. முதலில் நூறு பேர் போல ஒரு மாதிரிக் கம்பெனிக்குத் தானே துப்பாக்கி பிடித்துக் காட்டினார், அவர்கள் போய் மற்றவர்களைப் பழக்கினார்கள். அதிகாரி இறங்கி வந்து சிப்பாய்க்கு டிரில் எடுப்பது அங்கே வழக்கமே இல்லை. கோபம் வந்தால் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் திட்டித் தீர்த்துவிட்டு, இங்கிலீஷில் திட்ட உதவியாளரைக் கூப்பிடுவாராம்.

ஐரோப்பாவில் சிப்பாயிடம் 'செய்' என்றால் செய்வான், இங்கே ஏன் செய்யவேண்டும் என்று காரணம் சொன்னால்தான் செய்கிறான் என்று பழைய நண்பருக்குக் கடிதம் எழுதினார். காரணத்தைச் சொல்லியே வேலை வாங்கினார் பாருங்கள், அங்கேதான் மனுஷன் நிற்கிறார். அந்த மே மாதமே இன்ஸ்பெக்டர் ஜெனரல் பதவி, மேஜர் ஜெனரல் அந்தஸ்து. ஜூனில் நியூஜெர்சியில் நடந்த மான்மத் சண்டையில் அதே படை பிரிட்டிஷ்காரர்களுக்கு ஈடுகொடுத்து நின்றது.

* * *

நாங்கள் இருப்பது நியூயார்க் மாநிலத்தில், யூட்டிகா பக்கம். ஸ்டாய்பெனின் கல்லறை இங்கே ரெம்சன் என்ற ஊருக்கு அருகில், காட்டுக்குள் இருக்கிறது. போரெல்லாம் முடிந்த பிறகு மனிதருக்குக் கடன்தான் மிச்சம். மாநில அரசு 16,000 ஏக்கர் கொடுத்தது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இழுத்தடித்து 1790-இல்தான் வருஷத்துக்கு 2,500 டாலர் பென்ஷன் போட்டது. நாலே வருஷத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். கல்யாணம் ஆகவில்லை, சொத்தைத் தன்னிடம் உதவியாளர்களாக இருந்த இரண்டு பேருக்கு எழுதிவைத்தார். அவருடைய மரவீட்டைப் போலவே ஒன்றைக் கட்டிவைத்திருக்கிறார்கள். வருவதானால் வெயில் காலத்தில் வாருங்கள், இங்கே பனி கொட்ட ஆரம்பித்தால் லேசில் விடாது.