அதே வங்கியில மோட்கேஜ் ரினியூவல்: வந்த கடிதத்தில கையெழுத்து வைக்கலாமோ?

லொறிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். 2021 இல இங்க கனடாவில வீடு வாங்கேக்க 600,000 டொலர் மோட்கேஜ் (வீட்டுக்கடன்) எடுத்தனாங்கள். 25 வருசத்தில கட்டி முடிக்கிற கணக்கு, அஞ்சு வருசத் தவணைக்கு ஃபிக்ஸ்ட் (மாறாத வட்டி), 1.99 வீதம். மாசம் 2,538 டொலர் போகுது. தவணை முடிய இன்னும் நாலு மாசம் கிடக்கு. முடியிற அண்டைக்கு 502,500 அளவில நிக்கும்.

போன கிழமை வங்கியில இருந்து, புதுத் தவணைக்கு ரினியூ (புதுப்பிக்க) பண்ணச் சொல்லிக் கடிதம். அஞ்சு வருசத்துக்கு 4.69. அந்த வரியில பேனையால ஒரு புள்ளடி, பக்கத்தில "இங்க கையெழுத்து" எண்டு மஞ்சள் துண்டு ஒட்டி இருக்கு. வைச்சால் மாசம் 3,218. எழுநூறுக்கு இருபது குறைய, அவ்வளவும் கூட.

வேற வங்கிக்குப் போவம் எண்டு மனிசி நிக்கிறா. எனக்குத்தான் பயம். போன வருசம் வெயர்ஹவுஸ் வேலையை விட்டிட்டு சொந்த லொறி ஓடுறன். காட்ட ஒரு வருச வரிப் பத்திரம்தான் இருக்கு. இந்த வங்கி சம்பளம் ஒண்டும் கேக்கேல்லை, கையெழுத்து மட்டும் கேக்குது. பேசாமல் வைச்சிட்டு நித்திரை கொள்ளவோ?

கணக்கக்கா:
தம்பி, வைக்காதேங்கோ. முதல்ல அந்தக் கடிதத்தில எந்தத் திகதியில இருந்து 4.69 தொடங்குது எண்டு பாருங்கோ. நாலு மாசத்துக்கு முன்னமே அனுப்பி இருக்கினம் எண்டால் அது "ஏர்லி ரினியூவல்" (தவணை முடிய முன்னமே புதுப்பிக்கிறது) ஆ இருக்கலாம். இப்பவே புது வட்டி தொடங்கினால் மிச்ச நாலு மாச 1.99 ஐ நீங்களே தூக்கிக் குடுத்த மாதிரி. உங்கட தொகைக்கு மாசம் ஆயிரத்துக்கு மேல வட்டி கூடும். இதைக் கவனிக்காமல் கையெழுத்து வைச்ச ரெண்டு பேரின்ர கணக்கு என்ர மேசையில கிடந்தது.

சம்பளம் கேக்கேல்லை எண்டது உண்மை. ஒழுங்காக் கட்டின ஆளுக்கு அதே வங்கி ரினியூ பண்ணேக்க வழமையாத் திரும்ப வருமானம் பாக்கிறேல்லை. உங்களுக்கு அது பெரிய உதவிதான். ஆனா நீங்கள் வெளியால போகமாட்டியள் எண்டு நினைச்சுத்தான் அந்த முதல் வீதத்தைப் போடுறவை. அதுக்கு மேல பேரம் இருக்கு.

பழைய_புரோக்கர்:
அக்கா சொன்னதோட இன்னும் கொஞ்சம். 2024 நவம்பர் 21 இல இருந்து, இன்சூரன்ஸ் (நீங்கள் கட்டாமல் விட்டால் வங்கிக்கு ஈடு குடுக்கிறது) இல்லாத மோட்கேஜை அதே தொகைக்கு, அதே மிச்ச வருசத்துக்கு வேற வங்கிக்கு மாத்தினால் பழைய "ஸ்ட்ரெஸ் டெஸ்ட்" கட்டாயம் இல்லை. முந்தி உங்கட வீதத்தோட ரெண்டு கூட்டி, இல்லாட்டி 5.25, ரெண்டில எது பெரிசோ அதில தகுதி காட்ட வேணும். இப்ப அந்தக் கதவு திறந்திருக்கு. ஆனா புது வங்கி வருமானம் பாக்கும். சொந்தத் தொழில்காரரிட்ட பொதுவா ரெண்டு வருச நோட்டீஸ் ஒஃப் அசெஸ்மென்ட் (வரி அலுவலகம் அனுப்புற வரிப் பத்திரம்) கேப்பினம். மனிசியின்ர வேலை நிரந்தரமோ? அதை வைச்சுப் பாக்க இடமிருக்கு.

மற்றது, வீட்டை ஈடு வைச்சு லைன் ஒஃப் கிரெடிட் (தேவைக்கு எடுத்து எடுத்துப் பாவிக்கிற கடன்) ஏதும் எடுத்தனீங்களோ?

லொறிக்காரன்:
பேஸ்மென்ட் திருத்த எடுத்தனாங்கள், அதே வங்கியில. மனிசி நேர்சிங் ஹோமில நிரந்தரம். கடிதத்தைத் திரும்பப் பாத்தன் அக்கா. அடுத்த மாசம் முதலாம் திகதி எண்டுதான் போட்டிருக்கு! நான் அதை வாசிக்கவே இல்லை.

பழைய_புரோக்கர்:
அப்ப உங்கட வீடு "கொலாட்டரல் சார்ஜ்" (மோட்கேஜோட வேற கடனுக்கும் வீட்டைச் சேர்த்து ஈடாப் பதியிறது) ஆப் பதிஞ்சிருக்கக் கூடும். சாதாரணப் பதிவெண்டால் மாறுற செலவைப் புது வங்கி பெரும்பாலும் தானே ஏற்கும். இதில லோயர், பழைய பதிவை எடுத்துப் புதுசாப் பதியிற செலவு எண்டு உங்கட பையில இருந்து போகலாம், லைனையும் சேர்த்துக் கட்டி முடிக்கவும் வேணும். எண்டாலும் வேற இடத்தில ஒரு வீதத்தை எழுத்தில வாங்குங்கோ. போறதுக்கில்லை, காட்டிறதுக்கு.

மூலைவீட்டார்:
பிள்ளையள் சொல்லுறது சரி. நான் போன வருசம் கிளைக்குப் போய் ஒரு மணித்தியாலம் இருந்தும் 0.10 தான் குறைச்சவை. பிறகு ஃபோன் எடுத்து "மோட்கேஜை மாத்தப் போறன், முடிக்கிற தொகையை எழுதித் தாங்கோ" எண்டன். உடன வேற ஒரு பகுதிக்குக் குடுத்தினம், அந்தப் பிள்ளை பத்து நிமிசத்தில வீதத்தை இன்னும் குறைச்சா. கிளையில இருக்கிறவைக்கு அந்த அதிகாரம் இல்லைப் போல. வீணா ஒரு கோப்பியும் குடிச்சிட்டு வந்தன்.

லொறிக்காரன்:
மூண்டு கிழமைக்குப் பிறகு வாறன். மனிசியின்ர வருமானத்தை முன்னுக்கு வைச்சு ஒரு புரோக்கர் 4.19 எழுத்தில எடுத்துத் தந்தார், லோயர் காசு எங்கட. அதைக் கையில வைச்சுக்கொண்டு ஃபோன் எடுத்தன். கை நடுங்கினது உண்மை. மூலைவீட்டு அண்ணை சொன்ன அதே வசனம். முதல் 4.49 எண்டவை. நான் ஒண்டும் சொல்லேல்லை, பேப்பரைப் பிரட்டிற சத்தம் மட்டும் போயிருக்கும். பிறகு 4.24. தொடக்கம் பழைய தவணை முடியிற அண்டைக்குத்தான் எண்டு கேட்டு எழுதி வாங்கினன்.

மாசம் 3,099 வருது. 4.69 ஓட பாக்க 119 குறைவு, அஞ்சு வருசத்துக்கு ஏழாயிரம் தாண்டுது. 4.19 க்கு மாறி இருந்தால் இன்னும் 13 டொலர் குறைஞ்சிருக்கும், ஆனா லோயருக்குக் குடுத்திட்டு லைனையும் மூட வேணும். சரிவராது எண்டு இதிலயே நிண்டிட்டம்.

கணக்கக்கா:
நல்லது தம்பி. கையில காசு கிடந்தால் தவணை முடியிற அண்டைக்கே மோட்கேஜுக்குள்ள போடுங்கோ. அண்டைக்கு எவ்வளவு கட்டினாலும் பெனால்டி இல்லை. அடுத்த நாள் புது ஒப்பந்தம் தொடங்கினால் வருசத்துக்கு இவ்வளவுதான் எண்டு வரம்பு வந்திடும்.

லொறிக்காரன்:
பத்தாயிரம் கிடக்கு, போடுறம். ரினியூவல் பேப்பரோட மோட்கேஜுக்கு ஆயுட்காப்புறுதி எண்டு இன்னொரு படிவமும் வந்திருக்கு. அதிலயும் மஞ்சள் துண்டு ஒட்டி இருக்கு.

கணக்கக்கா:
அது கட்டாயமில்லை. அந்தத் துண்டைக் கழட்டிப்போட்டு மற்றதை மட்டும் அனுப்புங்கோ.