பள்ளியும் கல்லூரியும் சேர்ந்து செய்த ஆய்வு: இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு நாள்

மஞ்சள்பை டீச்சர்

ஐந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் உறுத்துகிறது. இங்கே இருப்பவர்களுக்குப் புரியும் என்பதால் எழுதுகிறேன்.

2019. சிவகங்கைப் பக்கம். குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காக எங்கள் பிளஸ் ஒன் பிள்ளைகள் இரண்டு பேர் தெருக்குழாய்த் தண்ணீரின் கடினத்தன்மையை எடுத்துக்கொண்டார்கள். அதை அளக்கத் தேவையான இ.டி.டி.ஏ. என்ற ரசாயனம் எங்கள் லேபில் இல்லை. பக்கத்துக் கல்லூரி வேதியியல் பேராசிரியர் ஒருவர் தானாகவே முன்வந்து, ரசாயனமும், அதைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் பியூரெட்டும் கொடுத்து, சனிக்கிழமைகளில் அவர்கள் லேபையும் திறந்துவிட்டார். நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரே குழாய். காலை ஆறு மணித் தண்ணீர் லிட்டருக்கு 180 மில்லிகிராம். சாயங்காலத் தண்ணீர் 460. மூன்று நாள் எடுத்தார்கள், மூன்று நாளும் கிட்டத்தட்ட இதே கணக்கு. சார் அளவுகள் எழுதிய லாக் புக்கைப் புரட்டிவிட்டு, அளந்த பெண்ணிடம் சொன்னார். "ஒரே சோர்ஸ்ல இவ்வளவு வித்தியாசம் வராதும்மா. எண்ட் பாயின்ட்டைத் தவறவிட்டிருப்பே. ஆவரேஜ் போட்டுடு." சொல்லிக்கொண்டே அவள் கையிலிருந்து பியூரெட்டை வாங்கி, தானே ஒரு தடவை செய்து காட்டினார். ஒயின் சிவப்பு நீலத்துக்குத் திரும்பிய அந்த ஒரு சொட்டில், அதுதான் எண்ட் பாயின்ட், நிறுத்தினார். என்ன கை அது! 180 வந்தது. "பாத்தியா?" அவர் எடுத்தது காலைத் தண்ணீர் பாட்டில். சாயங்கால பாட்டிலை அவர் தொடவே இல்லை.

அந்தப் பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள். சாரை இல்லை, என்னை. இவளுக்கு ஏதோ தெரியும் என்று அந்தப் பார்வையிலேயே எனக்குத் தெரிந்தது. நான் "சார் சொல்ற மாதிரியே போடும்மா" என்றேன். அவள் 460 எல்லாவற்றையும் ஒரே கோடாக அடித்துவிட்டுப் பக்கத்தில் 320 என்று எழுதினாள்.

திரும்பும்போது பஸ்ஸில்தான் வாயைத் திறந்தாள். "காலைல காவிரித் தண்ணி மிஸ். அது நின்னதும் அதே டேங்க்ல போர் தண்ணி ஏத்துவாங்க. எங்கம்மா பருப்பைக் காலைத் தண்ணியிலதான் வேகவைக்கும். சாயந்தரத் தண்ணியில வேகாது."

320. அப்படி ஒரு தண்ணீர் அந்தத் தெருவில் எந்த வேளையிலும் வந்ததே இல்லை.


கௌரவ விரிவுரையாளன்

டீச்சர், உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் அந்த சார் சனிக்கிழமையில் லேபைத் திறந்தாரே, அதற்கு அவருக்கு ஓ.டி. கிடையாது, பஸ் காசு கிடையாது. கல்லூரிப் பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்லிவிடுகிறேன்.

கலாம் 2015 ஜூலை 9 அன்று தொடங்கிவைத்தாரே, ராஷ்ட்ரிய ஆவிஷ்கார் அபியான் என்ற மத்திய அரசுத் திட்டம். உயர்கல்வி நிறுவனங்கள் பள்ளிகளுக்கு வழிகாட்ட வேண்டும் என்பது அதில் முக்கியமான அம்சம். அதையொட்டி ஒரு மேல்நிலைப்பள்ளிக்கு என்னை அனுப்பினார்கள். நூலும் கூழாங்கற்களும் பையில் போட்டுக்கொண்டு போனேன். 45 நிமிடம் கொடுத்தார்கள். அதில் பொன்னாடைக்குப் பத்து நிமிடம் போனது. நாற்பது பிள்ளைகள், எல்லோரும் நன்றாக மார்க் வாங்குகிறவர்கள் என்று பொறுக்கி உட்காரவைத்திருந்தார்கள்.

ஊசல் ஆடும் நேரம் எதைப் பொறுத்தது என்று கேட்டேன். கேட்டு முடிக்கும் முன்பே சூத்திரம் கோரஸாக வந்தது. சரி, அளந்து பாருங்கள் என்றேன். கடைசி வரிசையில் ஒரு பையன், அவன் மைக் செட்டைத் தூக்கிவந்தவன், அந்த நாற்பதில் ஒருவன் இல்லை. அவனும் ஒரு கல்லைக் கட்டினான். மற்றவர்கள் சின்னதாக ஆட்டி எண்ணிக்கொண்டிருந்தபோது அவன் முக்கால்வாசி மேலே தூக்கி விட்டான். "சார், பெருசா ஆட்டுனா பத்து ஆட்டத்துக்கு ஒரு செகண்டு போல கூட ஆவுது. அப்ப ஃபார்முலா தப்பா?"

அறுபது டிகிரிக்கு இழுத்துவிட்டால் ஆட்ட நேரம் சுமார் 7 சதவீதம் கூடும். எவ்வளவு பெரிதாக ஆட்டினாலும் நேரம் மாறாது என்கிற அந்தச் சூத்திரம் சின்னக் கோணத்துக்குத்தான் பொருந்தும். எம்.எஸ்ஸி. வகுப்பில் அந்த ஏழு சதவீதத்தைக் கண்ணால் பார்த்த பையன் ஒருவரும் எனக்கு வாய்த்ததில்லை. நான் அவன் பக்கம் நடந்தேன். அதற்குள் பேனரைப் பிடிக்கச் சொல்லி போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். "அதெல்லாம் சிலபஸ்ல இல்லடா, போ" என்று யாரோ அவனிடம் சொன்னார்கள். போட்டோ எடுத்து முடித்தபோது அவனைக் காணவில்லை.

என் கல்லூரிக்கு வேண்டியதும் அந்தப் போட்டோதான், கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் குழுவுக்கு, எடுத்த இடம் தெரியும்படி ஜியோ-டேக் போட்டுக் காட்ட. அது கிடைத்த பிறகு இரண்டாவது தடவை போக யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதுதான் என் மனதில் கிடக்கிறது.


ஓய்வுபெற்ற எச்.எம்.

தம்பி, ஒரு பள்ளியில் நடந்ததை வைத்து எல்லாப் பள்ளியையும் பொன்னாடைக்கும் போட்டோவுக்கும் அலைகிறவர்களாக எழுத வேண்டாம். பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு, பிளஸ் டூவுக்கும் பொதுத்தேர்வு என்று இருந்த காலத்தில் ஒரு பீரியடைக் கொடுத்ததே எவ்வளவு பாடு என்று பள்ளிக்குள் இருந்தவனுக்குத்தான் தெரியும். பத்து மார்க் இன்டர்னலுக்குள் எந்த ஆய்வை அடக்குவது?

என் அனுபவம் சின்னது. ஒரு கல்லூரித் தாவரவியல் பேராசிரியர் எங்கள் பள்ளி வேப்பமரத்தடியில் நின்று பிள்ளைகளிடம், "இந்த மரத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லுங்கள், ஆனால் எனக்குத் தெரிந்திருக்கக் கூடாது" என்றார். ஒரு மணி நேரம் ஆகியும் பிள்ளைகள் நிறுத்தவில்லை. அவ்வளவுதான்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பேராசிரியரைப் பிள்ளைகளிடம் நேராகக் கொண்டுபோய் விடாதீர்கள். முதல் இரண்டு சந்திப்பு ஆசிரியரும் பேராசிரியரும் மட்டும். அந்தச் சோதனையை இருவரும் சேர்ந்து முதலில் செய்து பாருங்கள், தப்பாக வரட்டும். யார் முன்னால் தப்பு வந்ததோ அவர் முன்னால் பயம் போய்விடும். ஜூன், ஜூலையிலேயே ஆரம்பியுங்கள், அரையாண்டுக்குப் பிறகு பள்ளி நம் கையில் இருக்காது. லாக் புக் பேனாவில்தான் எழுத வேண்டும். காரணம் தெரியாமல் எந்த அளவையும் அடிக்கக் கூடாது, சராசரியும் போடக் கூடாது. கேள்வி பிள்ளையுடையதாக இருக்க வேண்டும், கருவி கல்லூரியுடையதாக இருக்கலாம். எச்.எம்.மிடம் வாய்வார்த்தையாகக் கேட்காமல் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

இது புதிய யோசனையும் இல்லை. மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் அறிவியல் திட்டம் 1972-ல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கியது. டெல்லிப் பல்கலைக்கழகத்து ஆசிரியர்கள் அங்கே போய், கிராமத்துப் பள்ளி ஆசிரியர்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு சோதனையையும் செய்து பார்த்தார்கள். பள்ளி ஆசிரியர் 'இது என் வகுப்பில் நடக்காது' என்றால் பாடத்தை மாற்றினார்கள். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே தேர்வு. 1978-ல் மாவட்டம் முழுவதற்கும் போனது. 2002-ல் அரசு நிறுத்திவிட்டது. நின்றுபோனது வேறு கதை, ஆனால் முப்பது வருடம் ஓடியது. ஓடியதற்குக் காரணம் பள்ளி ஆசிரியரைச் சமமாக உட்காரவைத்ததுதான். இன்னும் சொல்ல நிறைய இருக்கிறது, பிறகு எழுதுகிறேன்.


மண்புழு எண்ணியவள்

ஐயா, டீச்சர் வழிமுறை கேட்கவில்லை. மனதில் இருந்ததைச் சொன்னார். நானும் சொல்லிவிடுகிறேன்.

2010-ல் மாநாட்டின் தலைப்பு நிலவளம். நான் ஒன்பதாவது. யூரியா போட்ட வயல், தொழுவுரம் போட்ட வயல், இரண்டிலும் ஓர் அடிக்கு ஓர் அடி சட்டம் வைத்துத் தோண்டி மண்புழு எண்ணினோம். எங்கள் டீச்சர் கல்லூரி விலங்கியல் சார் ஒருவரைக் கூட்டி வந்தார். அவர் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு சேற்றில் முழங்காலிட்டு எங்களோடு எண்ணினார். எனக்குப் பதினொன்று வந்தது, அவருக்கு ஒன்பது. நான் உடனே பதினொன்றை அடிக்கப் போனேன். என் கையைப் பிடித்து நிறுத்தினார். "உன்னுதையும் எழுது, என்னுதையும் எழுது. ரெண்டு பேரும் திரும்பவும் எண்ணுவோம்." திரும்பவும் எண்ணினோம். பத்து.

அவருக்காகவே அந்தக் கல்லூரியில் பி.எஸ்ஸி. விலங்கியல் சேர்ந்தேன். மூன்று வருடமும் பிராக்டிகல் வகுப்பில் அவர் ரிசல்ட்டைச் சொல்லச் சொல்ல நாங்கள் ரெக்கார்டில் எழுதினோம். படத்தை சீனியர் ரெக்கார்டைப் பார்த்து வரைந்தோம். ஒருநாள் கேட்டே விட்டேன், வயலில் எண்ணினோமே சார், இங்கே ஏன் எண்ணுவதில்லை என்று. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இங்க அறுபது பேரும்மா. மூணு மணி நேரம். எக்ஸ்டர்னல் வர்றவர் ரெக்கார்டைத்தான் பார்ப்பார்."

அதே மனிதர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்காக மண்டியிட்டவர். தன் சொந்த வகுப்பில் அவரால் முடியவில்லை. பள்ளிக்குக் கல்லூரி சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றே எல்லோரும் பேசுகிறோம். அந்த வயலில் நடந்தது கல்லூரிக்குள் போகவே இல்லையே என்றுதான் எனக்கு வருத்தம்.


உப்புக்காற்று

ஒரு சின்னக் குறிப்பு மட்டும். அந்த அம்மா சொன்ன பருப்புக் கணக்கு நூற்றுக்கு நூறு சரி. கடினநீரில் உள்ள கால்சியம் பருப்பின் செல்சுவரில் இருக்கும் பெக்டின் என்ற பசைப்பொருளைப் பிடித்து இறுக்கிவிடும், அதனால்தான் வேகாது. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 600 வரை விடலாம். அந்தத் தெருவில் வேறு தண்ணீர் இருந்தது, காலையில் வந்தது. 180-ஐயும் 460-ஐயும் தனித்தனியாக எழுதியிருந்தால், அதை எடுத்துக்கொண்டு நேராக ஊராட்சிக்கே போயிருக்கலாம். 320 என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். டீச்சரைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையின் அளவு அவ்வளவு நல்ல அளவு என்பதற்காகச் சொல்கிறேன்.


சுகுபா குளிர்

நான் ஜப்பானில் சுகுபாவில், பிஎச்.டி. முடித்த பிறகு போஸ்ட்டாக் ஆய்வாளராக இருந்தபோது நடந்தது. ஜே.எஸ்.பி.எஸ். என்ற ஜப்பானிய அறிவியல் ஊக்குவிப்பு அமைப்பின் நிதியில் இருக்கும் ஆய்வாளர்களைப் பள்ளிகளுக்குப் பேச அனுப்பும் சயின்ஸ் டயலாக் என்ற ஏற்பாடு அங்கே உண்டு. நான் போன பள்ளி, 2002 முதல் அங்கே நடந்துவரும் சூப்பர் சயின்ஸ் ஹைஸ்கூல் திட்டத்தில் இருந்தது. தனி நிதி, பல்கலைக்கழகத் தொடர்பு, எல்லாம் உண்டு. அதனால் நம் பள்ளிகளோடு ஒப்பிடுவது நியாயமில்லை.

போவதற்கு முன்பு அந்தப் பள்ளியின் உயிரியல் ஆசிரியர் என்னைப் பார்க்க வந்தார். என் ஸ்லைடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பதிநான்காவது ஸ்லைடில் நிறுத்தி, மிகவும் பணிவாக, "இதை எடுத்துவிட முடியுமா?" என்றார். என் ஆய்வின் முடிவு இருந்த ஸ்லைடு அது. என் பிள்ளைகள் இப்போது அதே மாதிரி ஒன்றைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்கு இன்னும் இரண்டு மாதம் வேண்டும் என்றார். எனக்கு முதலில் சுருக்கென்றது. நான்கு வருட உழைப்பு அது. எடுத்துவிட்டேன்.

மஞ்சள்பை டீச்சர் எழுதியதைப் படித்தபோது அந்த ஆசிரியர் முகம்தான் வந்தது. பல்கலைக்கழகத்து ஆளிடம் 'இதைச் சொல்லாதீர்கள்' என்று அவரால் சொல்ல முடிந்தது. நான் படித்த ஊரில் எந்த ஆசிரியரும் ஒரு பேராசிரியரிடம் அப்படிச் சொல்லி நான் பார்த்ததில்லை. அவருக்கு மட்டும் எங்கிருந்து அந்தத் தெம்பு வந்தது? அவர் பிள்ளைகளின் நோட்டை அவர் அவ்வளவு படித்திருந்தார், அதனாலா? அங்கேயும் பேராசிரியர் கொடுத்த தலைப்பை அப்படியே வாங்கிப் போஸ்டர் போட்ட குழுக்களையும் பார்த்தேன். அதையும் மறைக்கக் கூடாது.


மஞ்சள்பை டீச்சர்

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். எச்.எம். ஐயா, நீங்கள் சொன்ன 'முதல் இரண்டு சந்திப்பு ஆசிரியரும் பேராசிரியரும் மட்டும்' என்பதை இந்த ஜூனில் செய்து பார்க்கப் போகிறேன். விரிவுரையாளர் தம்பி, அந்தப் பள்ளிக்கு மறுபடி ஒருநாள் போய்ப் பாருங்கள். மைக் செட் தூக்கிய பையன் இருக்க மாட்டான். அவன் மாதிரி இன்னொருவன் கடைசி வரிசையில் இருப்பான்.

பதிநான்காவது ஸ்லைடு விஷயம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. அந்த சாரிடம் நான் "சார், சாயங்கால பாட்டிலையும் ஒரு தடவை செஞ்சு பாருங்களேன்" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கோபப்பட்டிருக்க மாட்டார், செய்திருப்பார். அவர் கையில் 460 வந்திருக்கும்.

நேற்று அலமாரியிலிருந்து லாக் புக்கை எடுத்தேன். கோடு மெல்லிசாகத்தான் அடித்திருக்கிறாள். உள்ளே இருக்கும் எண் எல்லாமே படிக்க முடிகிறது, 460, 455, 460. பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். அவள் இப்போது மதுரையில் நர்சிங் படிக்கிறாள், எண் மாற்றிவிட்டாள். தம்பி எங்கள் பள்ளியில்தான் ஒன்பதாவது. திங்கட்கிழமை அவனிடம் புது எண்ணை வாங்க வேண்டும்.