கண்ணெதிரே இருந்தும் தெரியாதவை: உங்கள் அனுபவம் என்ன?

ஏரிக்கரை:
செங்கல்பட்டுப் பக்கம் பறவை பார்க்கப் போயிருந்தோம். "அதோ, பக்கி" என்று கூட வந்த அண்ணன் கையை நீட்டினார். எனக்குத் தெரிந்ததெல்லாம் சருகும் சரளைக்கல்லும்தான். தொலைநோக்கியில் பார்த்தேன், அதே சருகு, கொஞ்சம் பெரிதாக. பகலெல்லாம் தரையோடு தரையாகக் கிடக்கும் பறவை அது. மினுங்கும் விழி காட்டிக்கொடுத்துவிடும் என்பதாலோ என்னவோ, கண்ணையும் கீற்றாகச் சுருக்கிக்கொள்கிறது. இறகிலுள்ள பழுப்புக் கோடுகளும் சாம்பல் திட்டுகளும் உடம்பின் விளிம்பை அங்கங்கே வெட்டிவிடுவதால், மூளைக்குக் கோத்தெடுக்க உருவமே கிடைப்பதில்லை. வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தபோது லேசாக உடம்பைக் குலுக்கியது. அவ்வளவுதான்! தலை, முதுகு, வால் எல்லாம் சருகிலிருந்து பிரிந்து வந்துவிட்டன. சேர்ந்து அசைகிறவற்றை ஒரே பொருளாக மூளை கட்டிவிடுகிறது. அது மறுபடி கல்லாய்ச் சமைந்த பிறகும் என் கண்ணுக்குத் தப்பவில்லை.

காவிரிக்காரி:
என் அனுபவம் தாராசுரத்தில். இரண்டாம் இராசராசன் 12ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயிலில், யானைக்கும் காளைக்கும் ஒரே தலை வைத்த சிற்பம் இருக்கிறது. யானையின் உடலைக் கையால் மறைத்தால் காளை. காளையின் உடலை மறைத்தால் யானை. கையை எடுத்துவிட்டு இரண்டையும் ஒருசேரப் பார்க்க எவ்வளவோ முயன்றேன். மாறி மாறித்தான் வந்தன.

டென்மார்க் உளவியலாளர் எட்கர் ரூபின் 1915இல் வெளியிட்ட பூச்சாடிப் படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். நடுவே சாடி, அல்லது இருபுறமும் முகங்கள். அந்தப் படத்தில் சாடியும் முகங்களும் விளிம்புக்குப் போட்டியிடுகின்றன, இந்தச் சிற்பத்தில் யானையும் காளையும் தலைக்கு. எனவே இரண்டும் அச்சு அசல் ஒன்றல்ல. விளிம்பு எந்தப் பக்கத்துப் பொருளுக்குச் சொந்தம் என்பதற்கேற்ப கூடுதலாகவோ குறைவாகவோ துடிக்கும் நரம்பணுக்கள் குரங்கின் பார்வைப் புறணியில் (மூளையில் பார்வையைக் கையாளும் பகுதி) இருப்பதை ஃபான் டெர் ஹைட் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2000இல் காட்டினார்கள். சிற்பிக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை!

ஒற்றைக்கண்ணன்:
எனக்குச் சிறுவயதிலிருந்தே இடக்கண்ணில் பார்வை இல்லை. இலையடர்ந்த ஆலமரம் எனக்குத் தட்டையாகவே தெரியும். அதனால் தலையை இடவலமாக மெல்ல அசைப்பேன். அருகிலுள்ள கிளை விரைந்து நகரும், பின்னாலுள்ளது பின்தங்கும், இடையில் ஆந்தை தனியாகத் தெரிந்துவிடும். ஏரிக்கரை அண்ணா, தரையோடு ஒட்டிக் கிடக்கும் உங்கள் பக்கியிடம் மட்டும் இந்த வித்தை பலிக்காது.